மெய்நாணம்: வடலூர்க் கண்ணாடியும் ஒரு நோயின் வரலாறும்

2009-ஆம் ஆண்டு. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் காலைப் பேருந்தில் நாள்தோறும் என்னோடு வந்தவன் அவன். இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு மாணவன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் என்று ஊர்கள் மாறிக்கொண்டே வரும். அவன் மூக்கின்மேல் பிடித்திருந்த கைக்குட்டை மட்டும் மாறாது. சாலைத் தூசுக்கு அஞ்சுகிறான் என்றே முதலில் எண்ணினேன். வகுப்பிலும் கைக்குட்டை இறங்காததைக் கண்டபின்தான் வேறேதோ உண்டு என்று தோன்றியது.

ஒருநாள் துறை வாசலில் தயங்கி நின்றான். "ஐயா, என் மூக்கு இடப்பக்கம் கோணியிருக்குதுங்களா?" என்று கேட்டான். பார்த்தேன். கோணல் ஏதுமில்லை. "நல்லாத்தானேப்பா இருக்கு" என்றேன். அடுத்த வாரம் மீண்டும் வந்து அதையே கேட்டான். மூன்றாம் முறை எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. தமிழ் படித்தவன் சலிப்படைந்தால் என்ன செய்வானோ அதைச் செய்தேன். காயம் பொய், தோலும் எலும்பும் சேர்ந்த இந்தப் பையில் மூக்கு எங்கிருந்தால் என்ன என்று அரைமணி நேரம் பேசினேன். பட்டினத்தார் பாடல் நூலொன்றைக் கையில் கொடுத்தும் அனுப்பினேன். அவன் அடக்கமாகக் கேட்டுக்கொண்டான். பத்து நாளில் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டான். தேர்வும் எழுதவில்லை.

அவனுக்கு இருந்தது பாடி டிஸ்மார்பிக் டிசார்டர் என்னும் நோய் என்பதையும், நான் கொடுத்தது மருந்தன்று, நோய்க்குத் தீனி என்பதையும் அறிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அந்த நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அது என்னை நான் பாடம் நடத்தும் நூல்களுக்கே திருப்பி அழைத்துவந்தது.

இந்நோய்க்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. நான் எனக்குள் 'மெய்நாணம்' என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். உணர்ச்சிக்கோ பழைய பெயர் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக இளிவரலைச் சொல்லி, மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கு நிலைக்களன்களை அதற்குத் தருகிறது. தன்னிடம் தோன்றுவதும் பிறரிடம் கண்டு தோன்றுவதும் என்று உரையாசிரியர்கள் அதை மேலும் பகுப்பர். ஆனால் இந்நான்கும் உண்மையில் இருக்கும் குறைகள். இல்லாத குறை ஒன்றைக் கண்டு இளிவரல் கொள்வதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

இடமில்லாத அந்த உணர்ச்சிக்கு மிக அருகில் வரும் ஒரு குரல், எங்கள் மாவட்டத்திலிருந்தே எழுந்தது. 1823-இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்து, வடலூரில் தருமச்சாலையும் சத்திய ஞான சபையும் நிறுவி, 1874-இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்ட இராமலிங்க அடிகளின் குரல் அது. திருவருட்பா ஆறாம் திருமுறையில் 'பிள்ளைப் பெருவிண்ணப்பம்' என்றொரு நெடும்பதிகம் உண்டு. உயிர்கள் படும் துன்பம் கண்டு தாம் அஞ்சியதையெல்லாம் அடுக்கிச் சொல்லும் அப்பதிகத்தின் நடுவே, தம் உடலைப் பற்றியும் பேசுகிறார். கையை வீசி நடக்க வெட்கப்பட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டே நடந்தாராம். உடம்பை வெளியே காட்ட அஞ்சி வெள்ளைத் துணியால் முழுவதும் மறைத்துக்கொண்டாராம். மற்றவர்களின் தோற்றத்தையும் நடையையும் நிறத்தையும் ஊன்றிப் பார்த்ததே இல்லையாம். பார்க்க நேர்ந்தால் பயம் மிகுந்ததாம்.

இப்பகுதியைப் பலமுறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அடக்கம், துறவு, சீவகாருணியம் என்று விளக்கிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். பேருந்தில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்த பையனை அந்த வரிகளோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

வள்ளலாரின் உருவம் குறித்து வழங்கும் செய்திகளும் இதே திசையில் நிற்கின்றன. சென்னையிலிருந்து மாசிலாமணி முதலியார் என்பவர் வந்து எட்டு முறை புகைப்படம் எடுத்தும் உடை மட்டுமே பதிந்தது, உடல் பதியவில்லை என்பது அன்பர்கள் சொல்லிவரும் செய்தி. பண்ணுருட்டிக் குயவர் ஒருவர் அவருடைய உருவத்தை மண்ணில் வனைந்து கொண்டுவந்தபோது, பொன்மேனி மண்மேனி ஆனதே என்று கூறி அதைக் கீழே போட்டு உடைத்தார் என்பது இன்னொன்று. இளமையில் சென்னையில் அறைக்குள் கண்ணாடியொன்றை வைத்து அதன்முன் அமர்ந்தவர் அவர். அதில் தெரிந்தது தம் முகமன்று, தணிகை முருகன் என்கிறார்கள். 1872-ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் வழிபாடு தொடங்கிய ஞான சபையிலும் ஏழு திரைகளை விலக்கினால் கண்ணாடியும் சோதியும்தான். அங்கே போய் நிற்பவர் தம் உருவத்தைப் பார்ப்பதற்காக நிற்பதில்லை.

வள்ளலாருக்கு நோய்ப்பெயர் சூட்ட நான் வரவில்லை. இறந்தவர்களை, அதிலும் ஞானிகளை, இன்றைய மருத்துவக் கையேட்டில் ஓரிடத்தில் அடைக்கும் வேலை எனக்கு உவப்பானதன்று, சான்றும் போதாது. அவர் கூசியது ஓர் உறுப்பின் குறைக்காக அன்று. உடலை அழிக்க அல்ல, அழியாததாக ஆக்கவே விரும்பியவர் அவர். 1867-இல் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு பிறருடைய வயிற்றுக்காக. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். பார்க்கப்படுவதன் அச்சம், பார்ப்பதன் அச்சம், துணியால் மறைத்தல் என்னும் இம்மூன்றையும் ஒரே இடத்தில், இவ்வளவு நேராகத் தம்மேல் ஏற்றிச் சொன்ன வேறொரு பாடலைத் தமிழில் நான் அறியேன். மெய்நாணம் கொண்டவரின் உள்ளிருப்பை அறிய விரும்பும் தமிழருக்கு மருத்துவ நூலைவிட அந்தப் பாட்டு விரைவில் புரியும்.

அவர் மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின்புதான் நோய்க்குப் பெயர் வந்தது. 1891-இல் இத்தாலிய மனநோய் மருத்துவர் என்ரிக்கோ மோர்செல்லி, 'டிஸ்மார்போபோபியா' என்று அதற்குப் பெயரிட்டு எழுதினார். அதே கட்டுரையில் அவர் சேர்த்து எழுதிய மற்றொன்று, உயிரோடு புதைக்கப்பட்டுவிடுவோமோ என்னும் அச்சம். இரண்டையும் அவர் ஒன்றாக வைத்ததில் பொருளிருப்பதாக எனக்குப் படுகிறது. அவர் தரும் சித்திரம் துல்லியமானது. பேசிக்கொண்டிருக்கும்போதோ, படித்துக்கொண்டிருக்கும்போதோ, உண்ணும்போதோ, எந்நேரத்திலும் அந்த ஐயம் வந்து ஆளைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கண்ணாடியைத் தேடி ஓடாமல் இருக்க முடியாது. மூக்கைக் கைக்குட்டையால் மூடியவனை மோர்செல்லி பார்த்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார். நான் ஓராண்டு பக்கத்து இருக்கையில் அமர்ந்தும் காணவில்லை.

'டிஸ்மார்பியா' என்பது கிரேக்கச் சொல்; அழகின்மை என்று பொருள். எரோடோட்டசின் வரலாற்றில் ஆறாம் நூலில் ஒரு கதை வருகிறது. ஸ்பார்ட்டாவில் செல்வர் வீட்டுப் பெண்குழந்தை ஒன்று அழகற்றுப் பிறக்கிறது. செவிலி அதை நாள்தோறும் எலனின் கோயிலுக்குத் தூக்கிச் சென்று வேண்டுகிறாள். ஒருநாள் எவளோ ஒருத்தி எதிர்ப்பட்டுக் குழந்தையின் தலையைத் தடவிவிட்டுப் போகிறாள். அக்குழந்தை நாட்டின் பேரழகியாக வளர்ந்து அரசனை மணக்கிறது. நம் தலபுராணங்களில் இப்படிப் பல உண்டு. குளத்தில் மூழ்கி அழகு பெற்றவர்களுக்கு இங்கே குறைவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழந்தை உண்மையிலேயே அழகற்றது. மோர்செல்லியின் நோயாளிகளுக்கோ அப்படி எந்தக் குறையும் இல்லை, அல்லது பிறர் கவனிக்காத அளவுக்கு அற்பமானது. இல்லாத குறையை எந்தத் தெய்வம் தடவிக்கொடுக்க முடியும்?

1903-இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் ஜானே இதை 'உடல் வெட்கத்தின் பீடிப்பு' என்னும் பொருள்படக் குறித்தார். என் 'மெய்நாணம்' அவரிடம் கடன் வாங்கியதுதான். பிராய்டின் புகழ்பெற்ற நோயாளியான, 'ஓநாய் மனிதர்' என்று அறியப்பட்ட செர்கேய் பன்கேயெவ், பிற்காலத்தில் தம் மூக்கைப் பற்றிய கவலையில் மூழ்கினார். தோல் மருத்துவரின் சிகிச்சையில் மூக்கில் தழும்பும் பள்ளமும் விழுந்து முகமே பாழாகிவிட்டது என்று நம்பினார். சட்டைப்பையில் சிறு கண்ணாடி வைத்துக்கொண்டு தெருவிலும் எடுத்துப் பார்த்தார். அவருக்குச் சிகிச்சையளித்த ரூத் மாக் பிரன்ஸ்விக் 1928-இல் அதை எழுதிவைத்திருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இந்நோய் 1980-இல் ஓரமாக நுழைந்து, 1987-இல் இன்றைய பெயரைப் பெற்று, 2013-இல் எண்ணச் சுழற்சி நோயின் குடும்பத்தில் சேர்க்கப்பட்டது. இது வெறும் இடமாற்றம் அன்று. கைகழுவிக்கொண்டே இருப்பவருக்கும் கண்ணாடி பார்த்துக்கொண்டே இருப்பவருக்கும் அடிப்படை ஒன்றே என்ற தெளிவு அது. சிகிச்சை அங்கிருந்துதான் வந்தது.

மேலைநாட்டு நாகரிகம் கொண்டுவந்த நோய் இது என்று சிலர் சொல்லக்கூடும். ஜப்பானியர் மனித அச்சங்களை வகுத்தபோது, தம் உருவக்குறையால் பிறரைச் சங்கடப்படுத்துகிறோம் என்னும் அச்சத்துக்குத் தனிப்பெயரே வைத்திருந்தனர். பொதுமக்களில் நூற்றுக்கு இருவர் அளவில் இந்நோய் இருப்பதாகப் பல நாட்டுக் கணக்கெடுப்புகள் கூறுகின்றன. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குகிறது. ஆண் பெண் வேறுபாடு அதிகமில்லை. தசை போதவில்லை என்று உடற்பயிற்சிக் கூடத்திலேயே கிடந்து ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களில் ஒருசாராருக்கு இருப்பதும் இதன் ஒரு வகையே.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன். உடலை இகழ்வது நம் இலக்கியத்தின் பெருஞ்செல்வம். சமணர் சிந்திக்க வேண்டியவையாகச் சொன்ன பன்னிரண்டில் உடலின் தூய்மையின்மையும் ஒன்று. நாவுக்கரசர் தருமசேனராக இருந்து அதைப் பயின்ற பாடலிபுத்திரம், இன்று கடலூர் நகருக்குள் அடங்கிய திருப்பாதிரிப்புலியூர்தான். மணிமேகலை உதயகுமரனுக்கு ஒரு முதியவளைக் காட்டி உறுப்பு உறுப்பாக அழகின் அழிவைச் சொல்வாள். இவை அனைத்தும் உடலின்மேல் பற்று மிகுந்தவருக்குத் தரப்பட்ட மருந்து. பற்றுக்கும் வெறுப்புக்கும் ஒரே மருந்து ஆகாது.

இதைப் பழையவர்கள் அறியாதவர்கள் அல்லர். பௌத்த விநயபிடகத்தில் வைசாலியில் நடந்ததாக ஒரு செய்தி உண்டு. உடலின் அழகின்மையைத் தியானிக்கும்படி புத்தர் பிக்குகளுக்கு உபதேசித்துவிட்டுத் தனித்திருக்கச் செல்கிறார். அத்தியானத்தில் ஆழ்ந்த பிக்குகள், பிணத்தைக் கழுத்தில் கட்டிவிட்டாற்போல் தம் உடலையே அருவருத்துச் சாவைத் தேடிக்கொள்கின்றனர். திரும்பிவந்த புத்தர் கூட்டம் குறைந்திருக்கக் கண்டு காரணம் கேட்கிறார். மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை அதற்கு மாற்றாகத் தருகிறார். ஆசானே பாடத்தை மாற்றிய இடம் இது. ஒரு மாணவனைப் பத்து நாளில் இழந்தபின்தான் நான் இதைப் படித்தேன்.

காரைக்காலம்மையாரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அவர் வரலாற்றைப் பாடிய சேக்கிழாரின் நூல் சிதம்பரத்து ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறியது. கணவன் அஞ்சி விலகி, வேறு மணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று இவர் பெயரையே இட்டுக் காலிலும் விழுந்தபோது, அவனுக்காகச் சுமந்த தசையை உதறிப் பேயுருவைக் கேட்டுப் பெறுகிறார். கண்டவர் அஞ்சி ஓடுகிறார்கள். இறைவன் என்னை அறிந்தால் போதும், அறியாத மக்களுக்கு நான் எவ்வுருவாய் இருந்தால் என்ன என்பது அவர் மனநிலை. மெய்நாணம் கொண்டவருக்கு முற்றிலும் எதிர்ப்பக்கம் இது. அவருக்குப் பிறர் பார்வை ஒரு பொருட்டில்லை. இவருக்குப் பிறர் பார்வையைத் தவிர வேறொன்றும் இல்லை.

இன்னொரு வேறுபாட்டையும் தில்லையிலிருந்துகொண்டு சொல்லாமல் விடக்கூடாது. நந்தனார் தம் உடலின் இழிவை எண்ணித் தில்லை எல்லையில் தயங்கி நின்றார், தீயில் மூழ்கி உள்ளே வந்தார் என்கிறது புராணம். அந்த இழிவு அவர் மனம் படைத்ததன்று, ஊர் அவர்மேல் சுமத்தியது. அங்கே சிகிச்சை தேவைப்பட்டது ஊருக்கு. சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி நடத்தியது அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி. கறுப்பென்று கேலி செய்யப்பட்ட மாணவியின் துயரையும் உடனே நோய் என்று சொல்லி மருத்துவரிடம் தள்ளிவிடக்கூடாது. கேலி செய்தவரிடம் பேசவேண்டும். ஆனால் கேலி நின்ற பின்னும் நாளுக்குப் பல மணிநேரம் கண்ணாடிமுன் கழிகிறது, வெளியே போவது நின்றுவிட்டது என்றால் அது வேறு.

வள்ளலார் ஞான சபை கட்டிய அதே ஆண்டுகளில்தான், 1871-இல், சென்னை மனநோய் மருத்துவமனை கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. மூக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரியாகப் பேசும் ஒருவரை அன்று அங்கே எவரும் நோயாளியென்று சேர்த்திருக்கமாட்டார்கள். இன்றும் இவர்கள் முதலில் போவது மனநல மருத்துவரிடம் அன்று. தோல் மருத்துவரிடம், பல் மருத்துவரிடம், ஒட்டறுவை நிபுணரிடம். கடன் வாங்கி மூக்கைத் திருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்குக் கவலை தீர்வதில்லை. அதே மூக்கில் நிற்கிறது, அல்லது தாடைக்கு இடம் பெயர்கிறது.

பயன் தருபவை இரண்டு. ஒன்று, செரட்டோனின் என்னும் மூளை வேதிப்பொருளின்மேல் செயல்படும் மாத்திரைகள். 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கேத்தரின் பிலிப்ஸ் குழுவினர் 67 பேரை இரு பிரிவாக்கி 12 வாரம் கவனித்தனர். புளுவாக்சிட்டின் உண்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் தேறினர். வெற்று மாத்திரை உண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவு கூடுதலாகவே பெரும்பாலும் தேவைப்படும், மூன்று மாதமேனும் பொறுக்கவேண்டும் என்பதால் இரண்டே வாரத்தில் "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மருத்துவரைக் கேளாமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

மற்றொன்று, அறிதல்-நடத்தைச் சிகிச்சை. இதில் அறிவுரை மிகக் குறைவு, பயிற்சியே மிகுதி. கண்ணாடி பார்ப்பது, மறைப்பது, பிறர் முகத்தோடு ஒப்பிடுவது, "நல்லாயிருக்கா?" என்று கேட்டு உறுதி பெறுவது ஆகிய சடங்குகளை ஒவ்வொன்றாகக் குறைக்கவேண்டும். நான் மூன்று முறை "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னதும் அச்சடங்கில் பங்குகொண்டதேயாகும். ஒவ்வொரு பதிலும் சற்று நேரம் ஆறுதல் தந்து அடுத்த கேள்வியை விதைக்கும். பிறகு, கைக்குட்டை இல்லாமல் கடைத்தெரு வரை, பேருந்து நிலையம் வரை என்று படிப்படியாகப் போகவேண்டும். அச்சம் ஏறும், ஏறித் தானே இறங்கும்வரை அங்கேயே நிற்கவேண்டும்.

இவற்றுள் கண்ணாடிப் பயிற்சி எனக்கு வியப்பளித்தது. மூக்கருகே கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பவரைக் கை நீளத் தொலைவில், முழுக்கண்ணாடிமுன் நிறுத்துகிறார்கள். தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பையும் அதன் நிறம், வடிவம், அளவு மட்டும் கூறி விவரிக்கவேண்டும். 'அசிங்கம்' என்ற சொல் கூடாது. 'அழகு' என்பதும் கூடாது. எந்த உறுப்பிலும் கூடுதலாக நிற்கக்கூடாது. நம் கேசாதிபாதந்தான், உவமையை எடுத்துவிட்டால். எள்ளுப்பூவும் குமிழம்பூவும் இல்லாமல் மூக்கை மூக்காகச் சொல்வது நமக்கு இலக்கியப் பயிற்சியாகவும் கடினமானதுதான்.

தற்கொலை எண்ணம் இந்நோயில் மிக அதிகம். ஆகவே "வயசுக் கோளாறு" என்று பெற்றோர் காத்திருப்பது ஆபத்து. மாவட்ட மனநலத் திட்டம் எங்கள் மாவட்டத்திலும் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

அந்த மாணவனைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு தைப்பூசத்தன்று வடலூர்ப் பெருவெளியில் கண்டேன். அவனே என்னை அடையாளம் கண்டு வந்தான். மூக்கு அறுவைக்குப் பணம் சேர்த்து எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவரிடம் போனானாம். அவர் பணத்தை வாங்காமல் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டாண்டு மாத்திரை, வாரம் ஒருநாள் பயிற்சி. விட்ட படிப்பை அஞ்சல்வழியில் முடித்து இப்போது வேலையில் இருக்கிறான். நான் கொடுத்த பட்டினத்தார் புத்தகம் என்னவாயிற்று என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அவனே சொன்னான்: "வச்சிருக்கேன் ஐயா. அப்ப படிக்க முடியல. எல்லாப் பாட்டும் என் மூக்கைப் பத்தியே எழுதின மாதிரி இருந்துச்சு."

இன்னும் சில நாள் பேருந்தின் பக்கக் கண்ணாடி கண்ணை இழுக்கத்தான் செய்கிறதாம். அதனால் எப்போதும் வலப்பக்க இருக்கையில் உட்கார்வானா என்று கேட்டேன். "இல்லைங்க ஐயா, அப்படித் தவிர்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எங்க இடம் கிடைக்குதோ அங்கதான்" என்றான். திரை விலக்கும் நேரம் நெருங்கியிருந்தது, கூட்டத்துக்குள் போனோம்.